கத்துகிற மெட்டல் டிடெக்டரை அடக்குவது எப்படி: ஈஸ்ட் கோஸ்ட் மணலில் படித்தது

மெட்டல் டிடெக்டர் வாங்கிய பலரும் பெட்டியைப் பிரித்த கையோடு வீட்டு ஹாலிலேயே ஆன் பண்ணிப் பார்ப்பார்கள். உடனே அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பிக்கும், திரையில் எண்கள் பாட்டுக்கு ஓடும், வாங்கியவர் முகம் வாடிவிடும். "அண்ணே, மெஷின் பழுது போல இருக்கு, கடையில திருப்பிக் கொடுத்துடவா?" என்று எனக்குச் செய்தி வரும். கொடுக்க வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் அமைதியாக இருக்கிற டிடெக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஏர்கான், இண்டக்ஷன் அடுப்பு, ரூட்டரின் அடாப்டர், பக்கத்து வீட்டு டிவி, போதாததற்குத் தரைக்குள் முழுக்க இரும்புக் கம்பி. கீழே திடலுக்கு எடுத்துப் போனாலும் புளோக்கை ஒட்டி நின்றால் அதே கதைதான். முதல் சோதனையைக் கடற்கரையில், விளக்குக் கம்பத்திலிருந்து தள்ளி, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். அங்கேயும் கத்தினால் அப்புறம் பழுதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அதற்குப் பிறகு எந்தப் பட்டனை ஏன் அழுத்துகிறோம் என்பது தெளிவாகிவிடும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மெஷினின் அடியில் இருக்கிற வட்டத் தட்டுதான் காயில். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்திலிருந்து திரும்பி வருகிற மிகச் சின்னப் புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. பெரும்பாலான மெஷின்கள் வேலை செய்வது சில கிலோஹெர்ட்ஸிலிருந்து நாற்பது, ஐம்பது கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். ரேடியோ கணக்கில் இது மிகக் குறைந்த அதிர்வெண். திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறதே, 1990இல் தொடங்கியது, அது நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது 18.2 கிலோஹெர்ட்ஸில். உப்புத் தண்ணீருக்குள் கொஞ்சமாவது இறங்கக்கூடியது இந்த மாதிரிக் குறைந்த அலைகள்தான் என்பதால் கடற்படைக்கும் நமக்கும் ஒரே பகுதி வாய்த்திருக்கிறது.

நமக்குக் கெட்ட காலம், வீட்டிலும் தெருவிலும் இருக்கிற மின்சாதனங்கள் குப்பையைக் கொட்டுவதும் இதே பகுதியில்தான். எல்இடி விளக்கின் டிரைவர், போன் சார்ஜர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாமே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிற வகை. இது தவிர நம்முடைய 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் எங்கே, 10 கிலோஹெர்ட்ஸ் எங்கே என்று தோன்றும். ஆனால் அது சுத்தமான அலையாக வருவதில்லை, 50இன் மடங்குகளாக மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது முக்கியமான இடம். உங்கள் மெஷின் 10,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து 10,004 ஹெர்ட்ஸில் ஓர் இரைச்சல் வருகிறது. மெஷின் தன் அலையோடு அதை ஒப்பிடும்போது மிஞ்சுவது வினாடிக்கு நான்கு முறை ஏறி இறங்குகிற ஒரு சிக்னல். காயிலை நாணயத்தின் மேல் வீசும்போதும் சிக்னல் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஏறி இறங்கும். மெஷினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை, அதனால் இல்லாத காசை இருக்கிறது என்று சொல்கிறது. மெஷின் தன் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டால், வித்தியாசம் அறுபது எழுபது ஹெர்ட்ஸாகி, உள்ளே இருக்கிற ஃபில்டர் அதைத் தூக்கி எறிந்துவிடும். நாய்ஸ் கேன்சல் என்கிற பட்டன் செய்வது இதைத்தான். வெளி இரைச்சல் குறைவதே இல்லை, இரண்டு இரைச்சலுக்கு நடுவே இருக்கிற சந்தில் மெஷின் போய் நின்றுகொள்கிறது. இடம் மாறினால் சந்தும் மாறும். பார்க்கிங் பக்கம் ஒருமுறை அழுத்திவிட்டுக் கடலோரம் முழுக்க நடப்பவர்களுக்கு இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, மணலில் நிற்கிறீர்கள், மெஷின் கத்துகிறது. எதையும் மாற்றுவதற்கு முன் காயிலை முழங்கால் உயரத்தில் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அசையாதபோதும் கத்தினால் அது மின் குறுக்கீடு. நிறுத்தினால் அமைதி, வீசினால்தான் சத்தம் என்றால் காரணம் கீழே இருக்கிறது: உப்பு ஈரம், மண், இரும்புத் துண்டு, அல்லது தண்டில் சரியாகச் சுற்றாமல் தொங்கிக்கொண்டு ஆடுகிற காயில் கேபிள். இந்தக் கேபிளை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வீசும்போது அது ஆடினாலே பொய் சிக்னல் வரும். நன்றாக இறுக்கிச் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள்.

குறுக்கீடுதான் என்று தெரிந்துவிட்டால் முதலில் உங்கள் உடம்பைச் சோதியுங்கள். பையில் இருக்கிற போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், இன்னும் நல்லது மெஷின் பிடிக்காத கைப்பக்கத்துப் பையிலோ முதுகுப்பையிலோ வைப்பது. ஸ்மார்ட் வாட்சைக் கழற்றுங்கள், பவர் பேங்கில் எதையும் சார்ஜ் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அப்புறம் காயிலையே திசைகாட்டியாகப் பயன்படுத்துங்கள். காயிலைச் செங்குத்தாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சில திசையில் இரைச்சல் ஏறும், அதிலிருந்து கால்வட்டம் திரும்பினால் அடங்கும். காயில் என்பது ஒரு வளைய ஆண்டெனா, புலம் அதன் நடுவே புகுந்து போனால்தான் பிடிக்கும். இரண்டு மூன்று இடத்தில் இப்படிச் செய்து பார்த்தால் எந்தக் கம்பம், எந்தக் கடை என்பது பிடிபட்டுவிடும்.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சத்தம் வந்தால் ‘எம்ஆர்டி ரயில்தான் காரணம்’ என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் 2024 ஜூனில் திறந்த பகுதி மரின் பரேட் பக்கம் பூமிக்கு அடியில் போகிறது, அதற்கும் மணலுக்கும் நடுவே விரைவுச்சாலையே குறுக்கே கிடக்கிறது. நான் காயிலைச் சுற்றிப் பார்த்தவரை குற்றவாளி எப்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது: நடைபாதை விளக்குக் கம்பங்கள், அவற்றை இணைக்கிற தரையடிக் கேபிள், உணவுக் கடைகளின் குளிர்பெட்டி, யாரோ கூடாரத்தில் தொங்கவிட்ட சரவிளக்கு. கம்பத்தை விட்டுக் கடல் பக்கம் பத்துப் பதினைந்து தப்படி நகர்ந்தாலே எவ்வளவோ மாற்றம் தெரியும். தரையடிக் கேபிளில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு நேர் மேலே போனால் சத்தம் குறையும், இரண்டு பக்கமும் கூடும், ஏனென்றால் கம்பிக்கு நேர் மேலே புலம் படுக்கையாக ஓடுகிறது, படுத்த காயிலுக்குள் அது புகுவதில்லை. கேபிள் தேடும் தொழிலாளர்களின் கருவியும் இதை வைத்துத்தான் கேபிளின் இடத்தைக் குறிக்கிறது.

நகர முடியாத இடமென்றால் நாய்ஸ் கேன்சல். நான் வைத்திருப்பது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800, அதில் 19 சேனல், அதாவது சற்றே தள்ளித் தள்ளி இருக்கிற அதிர்வெண் படிகள், உண்டு, மெஷின் தானாகவே எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். தேடும்போது காயில் எப்படி இருக்குமோ அப்படியே படுக்கையாக வைத்து, கீழே உலோகம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அது முடிகிறவரை கையை ஆட்டாமல் நில்லுங்கள். நடுவில் அசைத்தால் தப்பான சேனலில் போய் உட்கார்ந்துவிடும். காரெட் போன்ற மற்றக் கம்பெனிகளின் பல மெஷின்களில் தானியங்கி வசதிக்குப் பதிலாக ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் என்று சில படிகள் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றிலும் சில வினாடி காது கொடுத்துக் கேட்டு, குறைவாகக் கத்துவதை வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணிலிருந்தே வருகிற சிக்னலைக் கழித்துவிடச் செய்வதை, அதற்குப் பிறகு செய்யுங்கள். இரைச்சலோடு செய்த கிரவுண்ட் பேலன்ஸ் நிற்காது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் சென்சிட்டிவிட்டியை, அதாவது மெஷினின் உணர்வை, குறையுங்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் தயங்குகிறார்கள், ‘ஆழம் போயிடுமே’ என்று. எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னப் பொருள் காயிலை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகப் போக, நாம் அனுப்பும் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்காகக் குறைகிறது, திரும்பி வருவதும் அப்படியே, ஆக மொத்தம் ஆறாம் அடுக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64இல் ஒரு பங்கு. இதையே திருப்பிப் பாருங்கள். மெஷினின் உணர்வைப் பாதியாகக் குறைத்தாலும் ஆழத்தில் இழப்பது ஏறக்குறைய 11 விழுக்காடுதான். 30 செண்டிமீட்டரில் பிடித்தது 27க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். திரையில் தெரிகிற சென்சிட்டிவிட்டி எண்ணுக்கும் இந்தக் கணக்குக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது உண்மை, ஆனால் போக்கு இதுதான். மூன்று செண்டிமீட்டரைக் கொடுத்துவிட்டு அமைதியை வாங்குவது நல்ல வியாபாரம். இரைச்சலில் முக்கிக்கொண்டிருக்கிற மெஷினில் 15 செண்டிமீட்டரில் கிடக்கிற மோதிரம்கூடக் காதில் விழாது. ஈக்வினாக்ஸில் 25 வரை போகலாம், வரும்போதே 20இல் இருக்கும். கம்பங்களுக்கு நடுவே நான் 14, 15க்கு இறங்க யோசிப்பதே இல்லை.

இதெல்லாம் ஏட்டில் படிக்கிற மாதிரி இருக்கும், அதனால் ஒரு தேடலை முழுதாகச் சொல்கிறேன். ஈஸ்ட் கோஸ்டில் குடும்பமாக பார்பிகியூ போட வந்த ஓர் இளம் தம்பதி. மனைவியின் மெட்டி ஒன்று மணலில் கழன்று விழுந்துவிட்டது. தெரிந்தவர் மூலம் எனக்குத் தகவல் வந்தது, நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. "அம்மி மிதிக்கும்போது இவர் போட்டதுண்ணே, எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்றது அந்தப் பெண், கண்ணில் தண்ணீர். கணவர் செல்போன் விளக்கை வைத்து மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். "தம்பி, கிளறாதீங்க, இன்னும் ஆழமாப் போயிடும்" என்று முதலில் அதை நிறுத்தினேன்.

மெட்டி வெள்ளி. வெள்ளி என்றால் திரையில் உலோகத்தின் வகையைக் காட்டுகிற எண் உச்சத்துக்குப் போகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் நம் மெட்டிகள் பெரும்பாலும் விரலுக்கு ஏற்ப அகட்டிக்கொள்கிற மாதிரி வாய் திறந்தவை. மூடிய வளையத்தில் சுழல் மின்னோட்டம் முழுச் சுற்றும் ஓடும், சிக்னல் பலமாக வரும். வாய் திறந்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோய், கம்பியின் தடிமனுக்குள் மட்டும் சின்னச் சின்னதாக ஓடும். சிக்னல் மிகவும் மெலிந்து, அலுமினியத் தாள் வருகிற கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடும். பார்பிகியூ இடத்தில் அலுமினியத் தாளுக்குப் பஞ்சமா!

நல்லவேளை, மெட்டி ஜோடி. இன்னொரு காலில் இருந்ததைக் கழற்றித் தரச் சொன்னேன், அதை நீளமான நூலில் கட்டி மணல்மேல் வைத்து மெஷினைக் காட்டினேன். கம்பத்து விளக்கின் கீழே இருந்த இரைச்சலில் அது இருப்பதே தெரியவில்லை. அவர்களுடைய சரவிளக்கையும் பாட்டு ஸ்பீக்கரையும் அணைக்கச் சொன்னேன், கொஞ்சம் தேவலை. நாய்ஸ் கேன்சல் போட்டேன், இன்னும் கொஞ்சம். பல அதிர்வெண் பயன்முறையை விட்டு ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறி ஒவ்வொன்றாகப் பார்த்ததில் 10உம் 15உம் கத்தின, 40 கிலோஹெர்ட்ஸ் ஓரளவு அடங்கியது. மெல்லிய, வாய் திறந்த வளையத்துக்கு உயர்ந்த அதிர்வெண்தான் பொருத்தமும்கூட. நூல் கட்டிய மெட்டியை நான்கு விரல்கடை ஆழத்தில் புதைத்து, சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் சத்தம் நின்றது, ஆனால் புதைத்த மெட்டியும் கேட்கவில்லை. அப்படியானால் அந்த விளக்கு எரிகிறவரை அந்த இடத்தில் தேடிப் பயனில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த பகுதியைப் படம் எடுத்து, எந்த மரத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவே என்று குறித்துக்கொண்டு, காலையில் வருகிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு மனசே இல்லை.

இங்கே ஏழு மணி வாக்கில் விடிந்து கம்ப விளக்குகள் அணைந்துவிடும். அதே இடம், அதே மெஷின், பல அதிர்வெண் பயன்முறையிலேயே கிசுகிசுகூட இல்லை. ஜோடி மெட்டியை மறுபடி புதைத்துப் பார்த்தேன், தெளிவாக ஒரு குட்டிச் சத்தம். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடுகிற மாதிரி நெருக்கமாக வீசிக்கொண்டு போனேன். வந்ததெல்லாம் தாளும் மூடியும்தான், அத்தனையையும் தோண்டினேன், ஏனென்றால் எண்ணை வைத்துத் தாளையும் திறந்த மெட்டியையும் பிரிக்க முடியாது. அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில், கரி கலந்த மணலில் ஒரு சின்னச் சத்தம், குறுக்கே திரும்பி நின்று வீசியபோதும் அதே புள்ளியில் கேட்டது. இரண்டு திசையிலும் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பக் கேட்டால் அங்கே பொருள் இருக்கிறது. மின் இரைச்சல் அப்படி ஓரிடத்தில் நிற்காது. ஒரு கை மணலை அள்ளி விரித்ததும் முத்திரை வேலைப்பாட்டில் கரி அப்பிக்கொண்டு மெட்டி கிடந்தது.

இதிலிருந்து நான் வழக்கமாக்கிக்கொண்டது, தொலைந்த பொருளின் ஜோடியோ, அதே மாதிரி வேறொன்றோ கேட்டு வாங்கி முதலில் அதைக் காட்டிப் பார்ப்பது. தோடு, கொலுசு, சங்கிலி எதுவானாலும் இதைச் செய்யலாம். எந்த அமைப்பில் அந்தப் பொருள் கேட்கிறதோ அதுதான் அன்றைக்குச் சரியான அமைப்பு. சும்மா பழகுவதற்கு நாணயம் வைத்துச் சோதிப்பவர்கள் 2013இல் வந்த மூன்றாம் வரிசைக் காசுகளை எடுக்காதீர்கள். 5 காசிலிருந்து 50 காசு வரை எல்லாமே முலாம் பூசிய எஃகு, எண் நிலையாக நிற்காமல் குதிக்கும், அதைப் பார்த்துவிட்டு மெஷினில்தான் இரைச்சல் என்று நினைத்துவிடுவீர்கள். 1985 வரிசையின் 10 காசு, 20 காசு செம்பும் நிக்கலும் கலந்தது, எண் நிலையாக நிற்கும். வீட்டு உண்டியலில் தேடினால் இன்னும் கிடைக்கும்.

ஈர மணல் தனிக் கதை. உப்புத் தண்ணீரே மின்சாரத்தைக் கடத்துவதால் மெஷினுக்கு அது ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரி தெரிகிறது. காய்ந்த மணலில் குறுக்கீட்டைத் தவிர்க்க ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாறியிருந்தால், அலை தொடுகிற இடத்துக்கு இறங்கும் முன் பல அதிர்வெண் கடற்கரைப் பயன்முறைக்குத் திரும்பிவிடுங்கள். சாங்கியிலும் பாசிர் ரிஸ்ஸிலும் வற்றுக் கடலில் வெகுதூரம் இறங்கி நடக்கலாம். கம்பங்களை விட்டு அவ்வளவு தள்ளிப் போனபின் மிஞ்சுகிற சத்தம் பெரும்பாலும் உப்புதான், அங்கே நாய்ஸ் கேன்சலைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். காயிலை மணலோடு ஒரே உயரத்தில் வைத்து மெதுவாக வீசினாலே பாதி அடங்கும். வேலை முடிந்ததும் காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு ஏறிய கனெக்டர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் குறுக்கீடு மாதிரியே நடிக்கும்.

சின்னக் காயில் இருந்தால் வாங்கி வையுங்கள். வளையம் சிறுத்தால் பிடிக்கிற இரைச்சலும் குறையும், கம்பங்களுக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே என்னுடைய 6 அங்குலக் காயில்தான் கைகொடுக்கிறது. தொடர் அலைக்குப் பதிலாக விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிற பல்ஸ் வகை மெஷின்களை விளக்குகளுக்குப் பக்கத்தில் நான் எடுப்பதில்லை, அவை எல்லா அதிர்வெண்ணையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே மாதிரி மெஷினோடு போனால் ஒன்றை ஒன்று கெடுக்கும். முதலாமவர் சேனல் பிடித்துத் தேட ஆரம்பித்தபின், அவர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் நாய்ஸ் கேன்சல் செய்ய வேண்டும், அப்போதுதான் இரண்டாவது மெஷின் முதலாவதைத் தவிர்த்து வேறு சேனலில் போய் நிற்கும். குழிக்குள் பொருள் இருக்கிற இடத்தைக் காட்டுகிற சின்னக் கைக்கருவியான பின்பாயிண்டரையும் தோண்டும்போது மட்டும் ஆன் செய்யுங்கள்.

எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று முறையே இல்லாமல் டப், டப் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்க ஆரம்பித்தால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள். மின்னல் வெளியிடுகிற ரேடியோ ஆற்றல் அதிகமாக இருப்பது 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டித்தான், அதாவது நம் மெஷினின் நடு வீட்டில். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடித்துக்கொண்டு வருகிற புயல்மழைக்கு முன்னால் இந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது, இடி காதில் விழுவதற்கு முன்பே. இதற்கு எந்தப் பட்டனும் உதவாது. மெஷினை அணைத்து, காயிலைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மரத்தடியில் ஒதுங்காமல் மின்னல் பாதுகாப்புள்ள கூரையாகப் பார்த்து வேகமாகப் போய்விடுங்கள். குழியை மட்டும் மூடிவிட்டுப் போங்கள், பின்னால் ஓடி வருகிற பிள்ளை காலை மடக்கிக்கொள்ளும்.